நின்றால் எழாது

உங்கள் மேசைக்கு அடியில் ஓடுகிற கம்ப்யூட்டரின் சத்தம் சரியில்லை சார். வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக வருகிறது பாருங்கள், அது ஃபேன் இல்லை, ஹார்ட் டிஸ்க். வாங்கி ஆறேழு வருடம் இருக்குமா? சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அணைக்காமல் போங்கள். இந்த வயதுக்கு வந்துவிட்ட டிஸ்க் ஓடுகிற வரைக்கும் ஓடும். நின்றால் எழாது.

இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வயதாகிவிட்டது. ஆம்பூரில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிற தோல் ஷாப்பு ஆபீஸ் எதற்குள் போனாலும் சுவிட்சுக்கு மேலே ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். 'அணைக்காதே.' முக்கால்வாசி என் கையெழுத்து. ஞானமுத்து சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் எப்படி வந்தது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராஜம்மாள் விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரைட்டர் தம்பி போனிலேயே சொன்னார். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். ஆயுத பூஜைக்காகக் கம்ப்யூட்டர் அறையைத் துடைத்து, எல்லாவற்றையும் அணைத்து, பொட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சுவிட்சில் கை வைத்தவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டாள். "என்னப் புடிச்சி உள்ள போடுங்க சார். என் புருஷன நாந்தான் கொன்னேன்."

நீங்கள் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்து, ஆள் துணையோடு வீட்டுக்கு அனுப்பினீர்கள். 'மிஷின் கெட்டதால் வந்த விபத்து, இந்த அம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை' என்று விவரம் தெரிந்தவன் என்கிற முறையில் நான் எழுதிக் கொடுத்தால் மனுவை முடித்துவிடலாம் என்கிறீர்கள்.

எழுதலாம் சார். ஆனால் அந்த வாக்கியத்தில் பின்பாதிதான் சரி.

நான் வேலை பார்த்தது பாலாற்றங்கரையில், தோல் பதனிடுகிற டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற நிலையத்தில். ஷாப்புகளிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் முதலில் ஒரு பெரிய கிணற்றில் விழும். தோலிலிருந்து சுரண்டிய ஜவ்வும் முடியும் அதோடு வந்து பம்பை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஆள் இறங்கி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு வாயு இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை மாதிரி நாறும். ஜாஸ்தியாகிவிட்டால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துப்போகும். அதற்கடுத்த மூச்சு கிடையாது.

அதனால் கிணற்றுக்குள் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அதன் ஒயர் என் அறைக்கு வரும். அங்கே ஒரு கம்ப்யூட்டர். வாயு ஏறினால் அது சங்கை ஊதும். சங்கு ஊதினால் யாரும் இறங்கக் கூடாது, ஊதாவிட்டால் இறங்கலாம். இவ்வளவுதான் ஏற்பாடு.

கம்ப்யூட்டரே செத்துக் கிடந்தாலும் சங்கு ஊதாது என்பதை அங்கே யோசித்தவன் நான் ஒருவன்தான்.

தொண்ணூற்று நாலில் வந்த மிஷின் அது. ஒரு கோடையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து நின்றுவிட்டது. திரும்பப் போட்டால் டிஸ்க் சுற்றவில்லை. வேலூரிலிருந்து லியாகத் அலி என்கிற மெக்கானிக் வந்தார். டிஸ்க்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டைச் சட்டென்று ஒரு திருப்பு. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் ஓரத்தில் ஒரு தட்டு. மாட்டிப் போட்டதும் சுற்றியது.

"இந்தத் தடவ எழுந்துச்சு பிரதர். உள்ள இருக்கிற ஊசி தட்டுல ஒட்டிக்குது. ஓடறப்ப ஒண்ணும் தெரியாது. இனிமே நிறுத்தாதீங்க. நின்னா கேரண்டி கெடையாது."

அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த மெட்ராஸ் கம்பெனி மூடியாகிவிட்டது. ஃப்ளாப்பியில் இருந்த நகலில் பூஞ்சை. புது மிஷின் கேட்டு மேனேஜர் ஷபீ அஹமது சாஹேபிடம் போய் நின்றேன்.

"ஓடிட்டுதானே இருக்குது ஞானமுத்து? ஓடறத ஏன் பேஜார் பண்றீங்க?"

"நின்னா எழாது சாஹேப்."

"அப்ப நிறுத்தாதீங்க."

அவரைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்டேன், ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் வாழ்க்கைப்பட்டுவிட்டேன். கரண்ட் போனால் ஓட வேண்டும், இடி இடித்தால் ஓட வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு ஜோலார்பேட்டை வரைக்கும் போக முடியாது. அறையிலேயே ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டேன். பம்ப் ஆபரேட்டர் முனிரத்தினம், ராஜம்மாளின் வீட்டுக்காரன், கட்டிலைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னான். "அண்ணன் சின்ன வூடு செட்டப் பண்ணிட்டாரு. கிரேஸி அக்காவுக்குத் தெரியாம பாத்துக்கோங்கப்பா."

கிரேஸி என் மனைவி. டீச்சர். சிறுநீரகம் இரண்டும் போய், இரண்டாயிரத்து ஒன்று மே மாதம் வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அன்றைக்குப் பார்த்து எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. யூபிஎஸ் தாங்காது. நின்றுகொண்டிருந்த லாரியின் பேட்டரியைக் கெஞ்சி வாங்கி, அதில் யூபிஎஸ் ஒயரை மாட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார்கள்.

"ஏங்க, இன்னிக்கு வந்துட்டுப் போங்களேன்."

"கரண்ட் இல்ல கிரேஸி. நான் எழுந்தா மிஷின் நின்னுடும்."

"ஒரே ஒரு தடவ நின்னா இன்னாங்க? நாளைக்குப் போட்டா எழுந்துக்கப் போவுது."

"எழாது. உனக்கு அதப்பத்தித் தெரியாது."

"சரி. சாப்டீங்களா?"

அதற்குள் லைன் போய்விட்டது. கரண்ட் வந்த பிறகு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலில் வேறு விரிப்பு விரித்திருந்தார்கள்.

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஞானமுத்து என்ன பண்ணுவான், அந்த மிஷின் நின்றால் எழாது, எழாவிட்டால் யாராவது ஒருத்தன் உயிர் போகும், அதனால்தானே வரவில்லை என்றார்கள். பாதிரியாரும் அதையே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சார் நான் எழுந்து குளித்தேன், சாப்பிட்டேன், வேலைக்கு வந்தேன். அது மட்டும் இல்லையென்றால் என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை. எங்கள் நிலையத்தில் அது, அங்கேயே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ராஜம்மாள் நடத்துகிற பூஜை. மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பாள். நிறுத்தினதை மறுநாள் காலையில் போட வேண்டும், அதுவரை ஓய்வு. பொரிக்கும் பழத்துக்கும் ஷபீ சாஹேப் பணம் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று சிரித்துக்கொண்டே பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு அவள் தட்டோடு என் அறை வாசலில் வந்து நிற்பாள். வருடா வருடம் ஒரே பேச்சுதான்.

"இன்னாண்ணா, அவ்ளோ பெரிய மோட்டாருங்கல்லாம் படுத்துக்கினு கெடக்குது. உன் மிஷினு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? ஒரு நாளு தூங்கட்டுமே."

"அது தூங்காதும்மா. தூங்கினா செத்துடும்."

"ஐய, சாமி கும்புடற அன்னிக்கி இன்னா பேச்சு பேசுற?"

அந்த வருடம் நான் அப்படிச் சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டேன். "வா, நீயே அணை" என்றேன்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். கிரேஸி போன துக்கத்தில் மனசு இளகிவிட்டது என்று நினைத்திருப்பாள். மானிட்டர் தலையில் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள். அந்தச் சத்தம் நின்றது. அறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்தைத்தான் என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் நடந்தது உங்கள் பழைய ஃபைலில் இருக்கும். வெள்ளிக்கிழமை. ஷாப்புகளுக்கு வார லீவு, தண்ணீர் வரத்து கம்மி. கிணற்றைச் சுத்தம் பண்ணுவது எப்போதும் அன்றைக்குத்தான். முதல் நாள் மோட்டார் நின்றதில் தண்ணீர் தேங்கி அடியில் வாயு சேர்ந்திருந்தது, கிளறினால் கிளம்பும். முனிரத்தினம் இறங்கினான். சங்கு ஊதவில்லை. ஜும்மாவுக்குப் போக வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருந்த ஃபிட்டர் ஆபித் பாஷா, 'முனி, முனி' என்று கத்திக்கொண்டே அவனைத் தூக்கப் போனான். இரண்டு பேரும் மேலே வரவில்லை.

விசாரணையில் நான் சொன்னது இது. பூஜைக்காக அணைத்த கம்ப்யூட்டர் காலையில் எழவில்லை. டிஸ்க் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன், அவர்கள் இறங்கினது எனக்குத் தெரியாது.

நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள், அதை வருடக்கணக்கில் சொல்லிவந்தவனே நான்தானே. லியாகத் அலியும் வந்து, இது எதிர்பார்த்ததுதான் என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். ஷபீ சாஹேப் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் ஞானமுத்து." அடுத்த வாரமே புது மிஷின் வந்தது.

ராஜம்மாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம். அவள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா சார்? பட்டப்பகலில் பல்பு எரிந்துகொண்டிருக்கும். அந்த நாளிலிருந்து அவள் எந்தச் சுவிட்சையும் அணைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அணைத்துவிட்டுப் போனால்தான் உண்டு. மாதம் ஒருமுறை பார்க்கப் போவேன். டீ போட்டுத் தருவாள். "உன் பேச்ச மீறிட்டேண்ணா" என்பாள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஆறு வருடமாக அப்படித்தான்.

இனிமேல் சொல்வது ஃபைலில் இல்லை. ரைட்டர் தம்பி வேண்டுமானால் டைப் அடித்துக்கொள்ளட்டும், மெதுவாகவே சொல்கிறேன்.

அவளை அணைக்கச் சொன்னது மனசு இளகினதால் இல்லை. அது எழக் கூடாது என்பதற்காக. எனக்கு அலுத்துவிட்டது சார். வேலையை விடலாம், ஆனால் விட்டால் அந்த மிஷின் யார் கையிலாவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் பார்க்க வேண்டியது அது சாவதை. நின்றது, எழவில்லை என்று ஒரே ஒரு காலை. அதைப் பார்த்துவிட்டால் மே மாதத்தில் நான் செய்தது சரி என்று ஆகிவிடும். அப்புறம் படுத்துத் தூங்கலாம்.

யார் உயிருக்கும் ஆபத்து வரக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன். 'சங்கு வேலை செய்யாது, கிணற்றில் இறங்காதே' என்று முதல் நாளே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதி, கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். காலையில் மிஷினைப் போட்டு, எழவில்லை என்று தெரிந்ததும், அதைக் கொண்டுபோய்க் கிணற்றுச் சுவரில் மாட்டுவதாகத் திட்டம்.

அவர்கள் இறங்கினது எனக்குத் தெரியாது என்றேன் இல்லையா, அது பொய். கதவு சாத்தியிருந்தது உண்மை, ஆனால் முனிரத்தினம் கதவைத் தட்டினான். இறங்குவதற்கு முன்னால் தலையை நீட்டி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது அவன் பழக்கம். மானிட்டரின் முதுகுதான் வாசலைப் பார்த்து இருக்கும், திரை அவனுக்குத் தெரியாது.

"அண்ணா, மிஷினு இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல."

"ராத்திரி நல்லாத் தூங்குச்சா?" என்று சிரித்தான். "சரி, அப்ப எறங்கறேன். ராஜி வந்தா கொழுக்கட்டை இருக்குதாம், வாங்கி வச்சிரு."

நான் தலையை ஆட்டினேன். அவன் போனான். ஒன்றும் சொல்லவில்லை என்று நான் சொன்னது பொய் இல்லை, அது உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. வாளி போகிற சத்தம் கேட்டது. இரும்பு ஏணியில் அவன் கால் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் இல்லை. நான் மிஷினின் மூடியை வைத்து, ஸ்க்ரூவைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபித் பாஷாவின் குரல் கேட்டபோது கடைசி ஸ்க்ரூ பாக்கி. அதையும் போட்டுவிட்டுத்தான் வெளியே ஓடினேன்.

தம்பி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாரே.

பலகை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். கதவுக்குப் பின்னாலேயே இருந்தது. அதை மாட்ட வேண்டிய அவசியம் வரவில்லை சார். அதைத்தான் இத்தனை வருடம் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அன்று காலை நான் சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் எழுந்துவிட்டது.

முக்கல் இல்லை, முனகல் இல்லை. தட்டவில்லை, திருப்பவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி ஒரே மூச்சில் சுற்ற ஆரம்பித்து, திரையில் வரி வரியாக எழுத்து வந்து, கிணற்றின் வாயு அளவு வந்து நின்றது, சங்கு ஊதுகிற அளவுக்கு இன்னும் ஏறவில்லை. ராஜம்மாள் வைத்த குங்குமம் மானிட்டர் சூட்டில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாளைக்குப் போட்டால் எழுந்துகொள்ளப் போகிறது என்று கிரேஸி சொன்னாள். உனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன்.

எழும் என்றால், அன்றைக்கு நான் அந்த லாரி பேட்டரி ஒயரை விட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். எழும் என்றால், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டேன் என்று நேரிலேயே சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் ராஜம்மாள் தட்டோடு வருவாள், "பாத்தியாண்ணா, எழுந்துகிச்சு, அதுக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்துச்சு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஞானமுத்து சும்மாவே பயந்துகொண்டிருந்தான் என்பார்கள். யாராவது ஒருத்தர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அப்படியானால் கிரேஸி டீச்சர் என்று ஆரம்பிப்பார்.

அந்த வாக்கியத்தைக் கேட்க என்னால் முடியாது என்று பட்டது. அவ்வளவுதான் சார், வேறு கோபமோ பகையோ கிடையாது. மிஷினை அணைத்தேன். மூடியைத் திறந்து டிஸ்க்குக்குப் போகிற பவர் ஒயரைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டால் டிஸ்க் இல்லை என்று திரையில் வரும், பார்க்கிறவர்களுக்கு அது செத்த மாதிரிதான். முனிரத்தினம் கதவைத் தட்டினது அப்போதுதான். இறங்காதே, மிஷின் ஓடவில்லை என்று சொல்லியிருந்தால், ஏன் ஓடவில்லை என்று உள்ளே வந்திருப்பான். திறந்த மூடியையும் பிடுங்கின ஒயரையும் பார்த்திருப்பான். மாட்டச் சொல்லியிருப்பான். மாட்டினால் எழும்.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கிணற்றடியில் கூட்டம் கூடியபோது யாரோ சொன்னார்கள்: "ஞானமுத்து அப்பவே சொன்னாருப்பா, அணைக்காதீங்கன்னு." அந்த வார்த்தை காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் தளர்ந்து, கிரேஸி போனதற்கப்புறம் முதல் தடவையாக எனக்குத் தூக்கம் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பைக்குள் இருக்கிறது அந்த டிஸ்க். பழையதைத் தூக்கிப் போடும்போது நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒரு பழைய மிஷினில் அப்பப்போ மாட்டிப் பார்ப்பேன், இன்றைக்காவது எழாமல் போகிறதா என்று. நீங்கள் கூப்பிட்டனுப்பின அன்றைக்கும் பார்த்தேன். எழுந்துவிட்டது.

அந்தப் பேப்பரைக் கொடுங்கள், 'இந்த அம்மா மேல் எந்தக் குற்றமும் இல்லை' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள் கை பட்டதில் அந்த மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். 'மிஷின் கெட்டதால்' என்கிற முன்பாதியையும் அடிக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யோசித்துப் பாருங்கள். பலகை எழுதித் தயாராக இருந்தது, மாட்ட நானும் தயாராக இருந்தேன். அது மட்டும் அன்றைக்கு எழாமல் இருந்திருந்தால், சார், அந்த இரண்டு பேரும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள்.